கை போன தூரம், மணி நகர்ந்த தூரம்: ஒற்றை மூலக்கூற்றை இழுத்து அளந்ததில் நான் தொலைத்த பதினொரு மாதங்கள்

மடங்கி நிற்கும் ஒரு டி.என்.ஏ. மூலக்கூற்றைப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்ற ஒரே அளவை இரண்டு வழிகளில் கணக்கிட்டேன். இழுத்துப் பிரித்த தரவு 28 என்று சொன்னது. தளர்த்தி மீண்டும் மடங்கவிட்ட தரவு 51 என்று சொன்னது. இரண்டும் ஒரே எண்ணாக வந்திருக்க வேண்டும். நடுவில் நின்ற அந்த 23 எங்கிருந்து முளைத்தது என்று கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு மாதங்கள் பிடித்தன. அவற்றில் ஏழு மாதங்கள் உதவித்தொகை நின்றுபோன மாதங்கள். பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சிறிய அறையில், கையிருப்பாக இருந்த 64,000 ரூபாயையும் பிறகு அம்மாவிடம் வாங்கிய 30,000 ரூபாயையும் கரைத்தபடி அவை கழிந்தன. கடைசியில் பார்த்தால் தவறு நிரலில் ஒரே ஒரு வரியில் இருந்தது. அந்த வரியைப் பற்றி யாராவது ஒருவர் முன்பே காதில் போட்டு வைத்திருந்தால் போதும் என்று பல இரவுகள் நினைத்ததுண்டு. இதே வகைத் தரவை வைத்துக்கொண்டு எங்கோ தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

சோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16 காரஇணைகளும் நுனியில் நான்கு எழுத்துகள் கொண்ட வளையமும் உடைய ஒரு டி.என்.ஏ. இழை, கொண்டையூசி போலத் தன்மேல் தானே மடங்கி நிற்கும். அதன் இரு முனைகளிலும் இரட்டை இழை டி.என்.ஏ.வைக் கைப்பிடிகளாக ஒட்டி, கைப்பிடிகளின் மறுமுனைகளை இரண்டு நுண்ணிய பாலிஸ்டைரீன் மணிகளில் பிணைப்போம். ஒரு மணியை மெல்லிய கண்ணாடிக் குழலின் முனை உறிஞ்சிப் பிடித்திருக்கும். இன்னொரு மணியை அகச்சிவப்பு லேசர் கற்றையின் குவியம் பிடித்திருக்கும். ஆர்தர் ஆஷ்கினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1986இல் செய்து காட்டிய ஒளி இடுக்கி இதுதான்; அதற்காக 2018இல் ஆஷ்கினுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மணியைப் பிடித்திருக்கும் லேசர் குவியத்தைப் பொறி என்போம்; அது ஒரு சுருள்வில் போல நடந்துகொள்ளும். மணி நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அதை வில்லின் விறைப்பால் பெருக்கினால் விசை கிடைக்கும். என் பொறியின் விறைப்பு ஒரு நானோமீட்டருக்கு 0.1 பிக்கோநியூட்டன். குழலை மெல்ல நகர்த்தினால் டி.என்.ஏ. விறைத்துக்கொண்டே வரும்; ஏறத்தாழ 14 பிக்கோநியூட்டனை எட்டும்போது கொண்டையூசி பட்டென்று பிரிந்து, நீளம் 15 நானோமீட்டருக்குச் சற்று மேல் தாவும், விசை சட்டென்று இறங்கும். குழலைத் திரும்பக் கொண்டுவந்தால் மறுபடியும் மடங்கும். மடங்கிய நிலைக்கும் பிரிந்த நிலைக்கும் இடையே உள்ள கட்டிலா ஆற்றல் வேறுபாடு, அதாவது எதுவும் வீணாகாமல் பிரிக்கத் தேவைப்படும் வேலை, எவ்வளவு என்பதே கேள்வி. இந்தத் துறையில் அதைக் கே.டி. என்ற அலகில் சொல்வது வழக்கம். போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கினால் வருவது அது. அறை வெப்பநிலையில் சுமார் 4.1 பிக்கோநியூட்டன்-நானோமீட்டர், வேதியியல் கணக்கில் ஒரு மோலுக்கு 0.6 கிலோகலோரி. காரஇணை அட்டவணைகளை வைத்து என் வெப்பநிலைக்கும் உப்புக்கும் மாற்றிக் கணக்குப் போட்டபோது 39 கே.டி. வர வேண்டியிருந்தது.

மிக மெதுவாக இழுத்தால் செலவான வேலையே கட்டிலா ஆற்றல் வேறுபாடு ஆகிவிடும். ஆனால் மெதுவாக இழுக்க எங்கள் கருவி ஒத்துழைக்கவில்லை. குளிர்சாதனம் ஒருமுறை ஓடி நின்றாலே குழல் சில நானோமீட்டர் தானாக நகர்ந்துவிடும். அந்த நகர்வு அளவையே விழுங்கிவிடும். வேகமாக இழுத்தால் நகர்வு தெரியாது, ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் வேலை வெப்பமாக வீணாகும். வீணானது போக உண்மையான பங்கு எவ்வளவு என்பதை வேகமான இழுப்புகளிலிருந்தே கணக்கிடலாம் என்று 1997இல் கிறிஸ்டோபர் ஜார்சின்ஸ்கி காட்டினார். வேலையை நேராகச் சராசரி எடுக்காமல், அதன் எதிர்க்குறி மதிப்பை அடுக்காகப் போட்டுச் சராசரி எடுத்து, பிறகு மடக்கை எடுக்க வேண்டும். 1999இல் கேவின் குரூக்ஸ் இன்னும் ஒரு படி போனார். இழுக்கும்போது கிடைக்கும் வேலைகளின் பரவலையும் தளர்த்தும்போது கிடைக்கும் வேலைகளின் பரவலையும் ஒன்றின்மேல் ஒன்று வரைந்தால், அவை வெட்டிக்கொள்ளும் இடமே விடை. 2002இல் ஓர் ஆர்.என்.ஏ. கொண்டையூசியை இழுத்து முதல் சமன்பாட்டையும், 2005இல் இதே வகைச் சோதனையில் இரண்டாவதையும் சரிபார்த்தார்கள். ஆக, நான் கையில் எடுத்தது ஒன்றும் புதிய வித்தை அல்ல, பழகிய பாதை. பழகிய பாதையில் வழி தவறினால் யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கும். என் மாதங்களில் பாதியைத் தின்றது அந்தக் கூச்சம்தான்.

தரவு எடுத்த ஆய்வகம் ஊரிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. அங்கே நடந்த சில்லறை இழப்புகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன், ஆனால் அவற்றிலும் படிக்க வேண்டியது உண்டு. மணிகளுக்கு நடுவே ஒரே ஒரு இழைதான் இருக்கிறது என்று நம்பி இரண்டு வாரம் எடுத்த தரவில் பாதி, இரண்டு இழைகள் சேர்ந்து ஒட்டியவை. ஒவ்வொரு நாளும் கடைசியில் அந்த இழையைக் கூடுதல் விசைக்கு இழுத்துப் பார்த்து, அது ஒரே அடியில் அறுகிறதா, இரண்டு படிகளில் அறுகிறதா என்று குறித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். லேசர் வெளிச்சத்தில் பாலிஸ்டைரீன் மணியருகே உருவாகும் வீரியமான ஆக்சிஜன் பிணைப்புகளை அரித்துவிடும். அதனால் ஆக்சிஜனை நீக்கும் நொதிக் கலவை போடுவோம். ஆனால் அந்தக் கலவை வேலை செய்யும்போதே அமிலத்தையும் உண்டாக்கும். காலையில் கலந்ததை மாலை வரை ஓட்டக் கூடாது என்று எனக்குத் தெரிய, தனியாகச் செய்து வாங்கிய ஒரு தொகுதி டி.என்.ஏ. வீணாகிப்போனது. கடைசியாக ஒன்பது மூலக்கூறுகளிலிருந்து 212 இழுப்பு-தளர்த்தல் இணைகள் தேறின. அதோடு உதவித்தொகையும் முடிந்தது.

இராமேஸ்வரம் வரை ரயில் போகாத காலம் அது. மண்டபத்தில் இறங்கி, பேருந்தில் பாலத்தைக் கடந்து, தோள்பையில் ஒரு மடிக்கணினியும் ஒரு வன்தட்டுமாக வீடு வந்து சேர்ந்தேன். கணக்கீடுதானே, எங்கிருந்தும் செய்யலாம் என்ற தைரியம். கடலோர வீட்டில் கணினியை வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் வீட்டுக்கு இருபக்கமும் கடல், வடகடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் தென்கடல் இரையும். காற்றில் எப்போதும் உப்பு. மூன்றாவது மாதம் வன்தட்டின் இணைப்பு முனையில் பச்சையாகப் பூத்திருந்ததைப் பார்த்தேன். துடைத்துச் செருகினால் ஒருமுறை ஏற்றது, மறுமுறை ஏற்கவில்லை. மதுரையில் ஒரு கடையில் கொடுத்துத் தரவை மீட்க 18,000 ரூபாய் ஆனது. அந்தப் பணத்தில் மூன்று புதிய வன்தட்டுகள் வாங்கியிருக்கலாம். இப்போது வன்தட்டுகளை மூடி இறுக்கமான டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு வைக்கிறேன். ஒரு பிரதி எப்போதும் வேறு ஊரில் இருக்கிறது.

முதலில் கிடைத்த விடைகள் 31, 57. இரண்டுக்கும் இடையே இருந்த பள்ளத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய முதல் சந்தேகம் விசை அளவீட்டின் மேல்தான். அந்தச் சந்தேகம் வீண்போகவில்லை. பொறியின் விறைப்பைக் கண்டுபிடிக்க மணியின் நடுக்கத்தை அளப்போம். அந்த நடுக்கம் எந்த அதிர்வெண்ணில் மட்டுப்படுகிறது என்பதையும், நீர் மணியை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதையும் சேர்த்தால் விறைப்பு வரும். நீரின் பாகுநிலையை நான் 25 பாகைக்கு உரியதாக, அதாவது 0.89 மில்லிபாஸ்கல்-நொடியாகப் போட்டிருந்தேன். ஆனால் நான் பெரும்பாலும் இரவில்தான் அளந்தேன், அந்தக் கட்டடத்தில் இரவு எட்டு மணிக்குப் பிறகு குளிர்சாதனத்தை நிறுத்திவிடுவார்கள். நான் ஒரு நாளும் வெப்பநிலையைக் குறித்து வைக்கவில்லை. அங்கே இன்னும் படித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவரைக் கெஞ்சி, இரவு பத்து மணிக்கு மாதிரிக் கூடத்தின் ஓரத்தில் வெப்பமானியை ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். 30 பாகை. 30 பாகையில் நீரின் பாகுநிலை சுமார் 0.80தான். ஆக, என் விறைப்பும் விசையும் பத்து விழுக்காடு மிகையாக இருந்தன. இதை உறுதிசெய்ய இன்னொரு வழியும் கைவசம் இருந்தது. நீண்ட இரட்டை இழை டி.என்.ஏ.வை, வழக்கமான உப்பளவில், இழுத்துக்கொண்டே போனால் 65 பிக்கோநியூட்டன் அருகே அது திடீரென்று நெகிழ்ந்து, விசை ஏறாமலே நீளும். அதே இரவுகளில் நான் லாம்டா என்ற வைரஸின் நீண்ட டி.என்.ஏ.வை இழுத்து வைத்திருந்த வளைவுகளை எடுத்துப் பார்த்தேன். சமதளம் 72இல் நின்றது. பத்து விழுக்காடு அங்கேயும் அப்படியே தெரிந்தது. இந்த 65 என்ற எண்ணை ஒவ்வொரு வாரமும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது, வேறு எந்த அளவுத்திருத்தத்தையும்விட மலிவான காவல். அதைச் செய்ய அரை மணி நேரம் போதும். செய்யாததால் எனக்கு இரண்டு மாதம் போனது.

விசையைத் திருத்தினேன். 31 என்பது 28 ஆனது, 57 என்பது 51 ஆனது. இரண்டும் கைகோத்துக்கொண்டு இறங்கின. பள்ளம் அப்படியே நின்றது. அன்று இரவு சாப்பிடவில்லை. ஒரு தவறைக் கண்டுபிடித்துவிட்ட பிறகும் விடை கூடிவராதபோது வரும் சோர்வு, தவறே தெரியாதபோது வருவதைவிடக் கொடியது. அம்மாவுக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்பதே விளங்கவில்லை. வாசலில் யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிடுவார். எனக்கும் ஒரு கட்டத்தில் அப்படித்தான் தோன்றியது.

அடுத்து இரண்டு மாதங்கள் கழித்தலில் போயின. பிரிந்த ஒற்றை இழையை 14 பிக்கோநியூட்டன் விசையில் விறைப்பாகப் பிடித்து வைக்கவே ஆற்றல் வேண்டும்; என் மூலக்கூற்றில் 36 எழுத்துகள் திறந்துகொள்வதால் அது மட்டுமே ஏறத்தாழ 16 கே.டி. வரும். அதைக் கழிக்க மறந்தால் விடை கண்டபடி உயரும். நான் மறக்கவில்லை. ஆனால் ஒற்றை இழையின் நெகிழ்வுக்கு எந்த மதிப்பைப் போடுவது என்று ஐந்தாறு கட்டுரைகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தேன். இழுப்புகளின் எண்ணிக்கை போதவில்லையோ என்றும் குழம்பினேன். வீணாகும் வேலை ஏற ஏற, தேவைப்படும் இழுப்புகள் அடுக்கடுக்காகப் பெருகும் என்பது உண்மை, இரண்டு கே.டி. வீணானால் நூறு இழுப்பே தாராளம், பத்து கே.டி. வீணானால் இருபதாயிரத்துக்கு மேல் வேண்டும். அதனால் புதிதாகத் தரவு எடுக்கலாமா என்று பழைய வழிகாட்டிக்கு எழுதினேன். கருவியில் இடம் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதில் அன்று என்னை அழவைத்தது, ஆனால் இப்போது பார்த்தால் அதுவே என்னைக் காப்பாற்றியது. புதிய தரவு எடுத்திருந்தால் அதையும் இதே வரியால் கெடுத்திருப்பேன்.

விடை கிடைத்தது பள்ளத்தின் அளவைப் பார்த்து அல்ல. அதன் திசையைப் பார்த்து. இதைச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் யாராவது ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வதாக இருந்தால் இதை எடுத்துச் செல்லட்டும். இழுப்புகள் போதாமல் இருந்தால், இழுத்துப் பிரிக்கும் திசையில் கணக்கிட்ட விடை உண்மையைவிட மேலே நிற்கும். காரணம் எளிது: ஜார்சின்ஸ்கி சராசரியைத் தீர்மானிப்பவை அரிதாக வரும், மிகக் குறைந்த வேலை செலவான இழுப்புகள், கொஞ்சம் இழுப்புகளே இருந்தால் அந்த அரியவை நம் கையில் சிக்கியிருக்காது. அதே காரணத்தால் தளர்த்தும் திசையில் கணக்கிட்ட விடை உண்மைக்குக் கீழே நிற்கும். ஆக, தரவுப் பஞ்சத்தால் பள்ளம் வந்தால் இழுத்தது மேலே, தளர்த்தியது கீழே இருக்க வேண்டும். என்னிடம் தலைகீழாக இருந்தது. இழுத்தது 28, தளர்த்தியது 51. இதைத் தரவுப் பஞ்சம் உண்டாக்கவே முடியாது. வேலை என்று நான் கணக்கிட்ட எண்ணில், வேலை அல்லாத ஏதோ ஓர் ஆட்டம் கலந்து பரவலை அகலப்படுத்தினால்தான் இப்படி வரும். அகலமான பரவலின் வால், இழுக்கும் திசையில் விடையைப் பொய்யாகக் கீழே இறக்கும். தளர்த்தும் திசையில் பொய்யாக மேலே ஏற்றும். இதையே வேறொரு விதத்திலும் பார்க்கலாம். இரண்டு பரவல்களின் விகிதத்துக்கு மடக்கை எடுத்து, கே.டி. அலகில் அளந்த வேலைக்கு எதிரே வரைந்தால் குரூக்ஸின் விதிப்படி நேர்கோடு வர வேண்டும், அதன் சாய்வு 1 ஆக இருக்க வேண்டும். நான் அந்தப் படத்தை ஆறு மாதமாக வரையவே இல்லை. வெட்டும் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு, அது 39க்கு அருகில் இருந்ததால் ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன். வரைந்தபோது சாய்வு 0.15.

பிறகு செய்ய வேண்டியது தெளிவாகிவிட்டது. விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு பொம்மை மூலக்கூற்றை மடிக்கணினியிலேயே உருவாக்கி, அதை ஒரு பொம்மைப் பொறியால் இழுத்து, அந்தப் பொய்த் தரவை என் நிரலுக்கு ஊட்டினேன். நிரல் தவறான விடையைத் துப்பியது, அதுவும் அதே தலைகீழ்ப் பள்ளத்தோடு. மூலக்கூறும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை, குளிர்சாதனமும் இல்லை. ஆனாலும் பள்ளம் இருந்தது. குற்றவாளி நிரல்தான் என்று தெரிந்துகொள்ள நான்கு நாள் வேலை போதுமாக இருந்தது. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

ஆய்வகத்தில் வழிவழியாகக் கைமாறி வந்த அந்த நிரலில், வேலையைக் கணக்கிடும் வரி, விசையை மூலக்கூறு நீண்ட தூரத்தால் பெருக்கிக் கூட்டியது. அதாவது மணிக்கும் மணிக்கும் இடையே உள்ள தூரம். பார்க்கச் சரியாகத்தான் தோன்றும், மூலக்கூற்றின்மேல் செய்த வேலை அல்லவா என்று. ஆனால் ஜார்சின்ஸ்கியும் குரூக்ஸும் பேசும் வேலை, நாம் கையால் கட்டுப்படுத்தும் அளவால் பெருக்கியது. இங்கே அது பொறியின் மையத்துக்கும் குழல் முனைக்கும் உள்ள தூரம். அதை மட்டுமே நாம் நகர்த்துகிறோம்; ஒவ்வொரு இழுப்பும் தொடங்குவதும் முடிவதும் அந்தத் தூரத்தின் அதே இரண்டு மதிப்புகளில்தான். மணிகளுக்கு இடையே உள்ள தூரமோ வெப்பத்தால் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இழுப்பும் முடியும் நொடியில் அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. என் இழுப்பு 20 பிக்கோநியூட்டனில் முடிந்தது. முடியும் நொடியில் மணி ஒரே ஒரு நானோமீட்டர் அப்படியோ இப்படியோ ஆடியிருந்தால், கணக்கில் 20 பிக்கோநியூட்டன்-நானோமீட்டர், அதாவது ஐந்து கே.டி., கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். அந்த விசையில் பொறியின் வில்லில் தேங்கியிருப்பதே 2,000 பிக்கோநியூட்டன்-நானோமீட்டர். நான் தேடிய 39 கே.டி.யைப் போலப் பன்னிரண்டு மடங்கு. அவ்வளவு பெரிய குடத்தின் ததும்பலை நான் மூலக்கூற்றின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். சராசரியில் அந்தத் ததும்பல் அடங்கிவிடும், அதனால்தான் வெட்டும் புள்ளி ஏமாற்றாமல் இருந்தது. ஆனால் அடுக்கில் போட்டுச் சராசரி எடுக்கும்போது அடங்காது.

கரைவலைக் கயிற்றைப் பார்த்து இந்த ஞானம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் உண்மை அதுவல்ல. கண்டுபிடித்து மூன்று நாள் கழித்துத்தான் கரைக்கே போனேன். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் நின்றன. பெரியப்பா வடகடல் பக்கம் கரைவலை இழுக்கப் போயிருந்தார். ஒரு படகு வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்திருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் இடுப்புக் கயிற்றை வலைக்கயிற்றில் சுற்றிக்கொண்டு மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். நானும் கயிற்றைப் பிடித்தேன். பத்தடி பின்னால் வந்துவிட்டோம், தூரத்தில் மிதவைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பெரியப்பா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "புதுக் கயிறு தாயி. மொதப் பத்தடி கயித்துக்குப் போவும், அப்புறந்தான் வலைக்கு." கயிறு எவ்வளவு நீண்டது, வலையின் மடி எவ்வளவு நகர்ந்தது என்பது கடலுக்குள் நடக்கும் விஷயம். இழுப்பவன் செலவழித்தது அவன் கால் பின்னால் போன தூரம். நான் நிரலில் மிதவையைப் பார்த்துக் கூலி போட்டுக்கொண்டிருந்தேன். இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது, அப்படியானால் மிதவை நகராத நாளில் கூலியே கிடையாதா என்று கேட்டுச் சிரித்தார். உவமை இதோடு நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரைவலையை யாரும் தளர்த்தித் திரும்பக் கடலுக்குள் விட்டு அளப்பதில்லை, அதனால் குரூக்ஸுக்கு அங்கே வேலை இல்லை.

வரியை மாற்றினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன், ஆனால் மாற்றுவதற்குத் தேவையான தூரம் என்னிடம் இல்லை. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இடத்தைச் சேமிக்க, கோப்புகளில் விசையையும் மூலக்கூற்று நீளத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, குழலின் இருப்பிடம், கண்டறிவானின் மூல மின்னழுத்தம் எல்லாவற்றையும் அழித்திருந்தேன். ஆய்வகக் கணினியிலும் பழையவை துடைக்கப்பட்டிருந்தன. ஆனாலும் ஒரு சந்து இருந்தது. பொறியின் தூரம் என்பது மூலக்கூற்று நீளமும் மணி நடுவிலிருந்து விலகிய அளவும் சேர்ந்தது; விலகிய அளவு என்பது விசையை விறைப்பால் வகுத்தது. ஆகவே அன்றன்று பயன்படுத்திய விறைப்பு தெரிந்தால் பொறியின் தூரத்தை மீண்டும் கட்டிவிடலாம். இங்கே ஒரு குழி உண்டு. இதற்குப் பயன்படுத்த வேண்டியது கோப்பில் உள்ள பழைய, தவறான விசையும் அதே பழைய, தவறான விறைப்பும்தான். இரண்டிலும் பத்து விழுக்காட்டுப் பிழை ஒரே மாதிரி இருப்பதால் வகுக்கும்போது அது நீங்கிவிடும். திருத்திய விசையைப் பழைய விறைப்பால் வகுத்தால் தூரம் கெட்டுவிடும். நான் முதல்முறை அப்படித்தான் வகுத்தேன், ஒரு வாரம் போனது. தூரத்தைக் கட்டி முடித்த பிறகே விசையைத் திருத்த வேண்டும்.

ஒன்பது மூலக்கூறுகளில் ஆறுக்கு மட்டும் விறைப்பைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். மற்ற மூன்று நாட்களின் பக்கங்களில் தேதியும், மணிகளின் தொகுதி எண்ணும், ஓரத்தில் ஒரு தேநீர்க் கறையும் மட்டும் இருந்தன. அந்த மூன்றையும் பக்கத்து நாட்களின் விறைப்பை வைத்து ஒப்பேற்றலாமா என்று ஆசை வந்தது. செய்து பார்த்தேன், சாய்வு கண்டபடி அலைந்தது, விட்டுவிட்டேன். 71 இணைகள் போனது போனதுதான். எஞ்சிய 141 இணைகளில் புதிய வரியை ஓட்டியபோது இழுக்கும் திசையில் 39.9, தளர்த்தும் திசையில் 38.8, வெட்டும் புள்ளியில் 39.2 வந்தன. இரண்டு திசைகளையும் சேர்த்துக் கணக்கிட 1976இல் சார்லஸ் பென்னட் கொடுத்த முறையிலும் போட்டுப் பார்த்தேன், 39.4. இழுத்தது சற்று மேலே, தளர்த்தியது சற்றுக் கீழே, இருக்க வேண்டிய ஒழுங்கில். சாய்வு 0.96. மின்சாரம் போய் மடிக்கணினி மட்டும் எரிந்துகொண்டிருந்த நேரம். அம்மாவை எழுப்பிக் காட்டினேன். 39 என்று சொன்னேன். அதற்கென்ன என்றார்.

இப்போது வேறோர் ஆய்வகத்தில் இருக்கிறேன். என் கோப்புகள் ஒவ்வொன்றிலும் மூல மின்னழுத்தம், குழல் இருப்பிடம், நேரம், கூடத்தின் வெப்பநிலை, விறைப்பு, மணியின் விட்டம் ஆகியவை தலைப்பிலேயே இருக்கும். ஒன்று விடுபட்டாலும் நிரல் ஓட மறுக்கும்படி எழுதி வைத்திருக்கிறேன். புதிதாக வரும் எவருடைய நிரலையும், என்னுடையதையும் சேர்த்து, முதலில் பொம்மைத் தரவில் ஓட்டி, சாய்வைப் பார்த்த பிறகே உண்மைத் தரவைத் தொடுகிறேன். பழைய ஆய்வகத்துக்கும் திருத்திய வரியை அனுப்பினேன். வெப்பமானியை ஒட்டிப் பார்த்த அந்தத் தம்பிதான் பதில் எழுதினார்: அக்கா, என்னுடைய தரவிலும் தளர்த்தியது மேலே இருக்கிறது, குழல் இருப்பிடத்தை நான் அழிக்கவில்லை.